சோதனை வெற்றிகரமாக முடிவடைந்தது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த மூன்று வாக்கியங்களையும் எழுதியவன் நான்தான். இதை அலுவலகத்தில் நான்கு பேரிடம் ஒப்புக்கொண்டு பார்த்தேன். நான்கு பேரும் கை குலுக்கிப் பாராட்டினார்கள். வேறு வழியில்லாமல்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்களுடையது நீர்த்தர உறுதி வாரியம். மக்கள் குடிக்கிற தண்ணீர் குடிக்க லாயக்கானதா என்று பார்த்துச் சொல்வது எங்கள் வேலை. வாரியத்தில் முந்நூறு பேர். அதில் தண்ணீரைத் தொட்டுப் பார்ப்பவர்கள் ஒன்பது பேர். மீதிப் பேர் அந்த ஒன்பது பேரை மேற்பார்வை பார்க்கிறவர்கள். நான் இரண்டிலும் சேர்த்தியில்லை. கணினிகளுக்குப் பொறுப்பு. தோளில் எந்நேரமும் ஒரு கம்பிச் சுருள் கிடப்பதால் எனக்கு ஒயர் என்று பெயர்.

போன வருடம் எங்கள் மின்னஞ்சல் இயந்திரம் மூன்று நாள் படுத்துவிட்டது. வெளியிலிருந்து ஒரு கடிதம் வரவில்லை. வாரியத்தில் இதை யாரும் கவனிக்கவில்லை என்பது வேறு விஷயம். நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் இயக்குநரிடம் சொன்னேன். அவர் உடனே திட்டக் குழு ஒன்றை அமைத்தார். இணையத்திலிருந்து வரும் கடிதங்கள் எல்லாம் ஒரே இடத்தில் நுழைந்து, குப்பை கழிந்து, உரியவரிடம் போக வேண்டும். அந்த இடத்துக்கு நுழைவாயில் என்று பெயர் வைக்க மூன்று கூட்டம் ஆனது.

நான்காவது கூட்டத்தில் பாதுகாப்பு அலுவலர் எழுந்தார். மூன்றாம் கூட்டம்வரை அவரை யாரும் அழைத்திருக்கவில்லை. "வாயில்னு பேர் வச்சிட்டா அது என் பிரிவு. யார் வந்தாலும் நோட்டுல கையெழுத்துப் போட்டுட்டுத்தான் உள்ள போகணும்."

"வரப்போறது கடிதம், சார்" என்றேன்.

"கடிதத்துக்கு ஒரு சட்டம், ஆளுக்கு ஒரு சட்டமா?"

அவரையும் குழுவில் சேர்த்துக்கொண்டார்கள். இன்றுவரை எங்களுக்கு வரும் ஒவ்வொரு மின்னஞ்சலும் ஒரு நோட்டில் கையால் பதியப்படுகிறது. வந்த காரணம் என்ற இடத்தில் "சொந்த வேலை" என்று எழுதியிருக்கும்.

அடுத்தது, இயந்திரம் மறுபடி படுத்தால் என்ன செய்வது என்ற கேள்வி. இரண்டு சர்வர்களைக் கூட்டாகக் கட்டிப்போட்டால், ஒன்று விழுந்த நொடியில் மற்றது அதன் வேலையை எடுத்துக்கொள்ளும் என்று விளக்கினேன். "கேன்டீன்லயே ஒரு சர்வர்தானே இருக்கார்" என்றார் கீழ்த்தளக் கூடுதல் இயக்குநர். மேல்தளக் கூடுதல் இயக்குநர் அதற்குச் சிரிக்கவில்லை. அவர்கள் இருவரும் பேச்சை நிறுத்தி ஆறு வருடம் ஆகிறது. ஏன் என்பதற்கு ஒரு நாற்காலி காரணம் என்கிறார்கள்.

ஆளுக்கொரு சர்வர் வேண்டும் என்று இருவரும் தனித்தனியே குறிப்பு அனுப்பினார்கள். அதனால் ஒன்று தரைத்தளத்திலும் மற்றது நான்காம் தளத்திலும் வைக்கப்பட்டன. ஒவ்வொன்றுக்கும் ஒரு சாவி, ஒரு கடவுச்சொல், ஒரு கூடுதல் இயக்குநர். இரண்டு சர்வர்களும் நொடிக்கு ஒரு தடவை "உயிரோடு இருக்கிறாயா?" என்று ஒன்றையொன்று கேட்டுக்கொள்ளும். "இந்த ரெண்டு மாடியும் ஒண்ணையொண்ணு நலம் விசாரிக்கிறது இதுதான் முதல் தடவை" என்றார் கடிதப் பிரிவுக் கண்காணிப்பாளர். அவரை வாரியமே அக்கா என்றுதான் கூப்பிடும்.

இன்னொரு ஏற்பாடும் செய்தேன். ஒன்றில் யாராவது விதியை மாற்றினால், மற்றது அதைக் கோளாறு என்று எடுத்துக்கொண்டு பழையபடி திருத்திவிடும். இரண்டிலும் ஒரே நேரத்தில் மாற்றினால்தான் மாற்றம் நிற்கும். தனி ஆள் யாரும் கெடுக்க முடியாத அமைப்பு என்று அதற்குக் கைதட்டல் கிடைத்தது. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. தனி ஆள் யாரும் சரி செய்யவும் முடியாது என்பது அப்போது தோன்றவில்லை.

தொடங்கி வைக்கும் நாளன்று, ஊழியர்கள் எல்லாரும் ஆளுக்கு ஒரு கடிதம் வெளியிலிருந்து அனுப்பிப் பார்க்க வேண்டும் என்று இயக்குநர் உத்தரவிட்டார். முந்நூறு பேரும் ஒரே வார்த்தையை எழுதி அனுப்பினார்கள்: சோதனை. சிலர் சோதனை 1, சோதனை 2 என்று நிறுத்தாமல் அனுப்பினார்கள். பாதுகாப்பு அலுவலரின் நோட்டு பதினோரு மணிக்கே தீர்ந்துபோனது. ஒரு மணிக்கு இயக்குநர் என்னைக் கூப்பிட்டார்.

"இத்தனைக்கும் யாருய்யா பதில் போடுறது? பதில் போடலைன்னா நிலுவைன்னு காட்டுது. என் பேருக்கு நேரா சிவப்பா காட்டுது."

ஒரு விதி எழுதிவிடலாம் என்றேன். சோதனை என்ற சொல் இருக்கிற கடிதத்துக்கு நுழைவாயிலே பதில் போட்டுவிட்டு, கடிதத்தைத் தனிப் பெட்டியில் போட்டுவிடும். யாரையும் தொந்தரவு செய்யாது. பதிலில் "சோதனை முடிந்தது" என்று எழுதினேன். வாரியத்தின் பதில் மூன்று வாக்கியத்துக்குக் குறையக் கூடாது என்று இயக்குநர் சொன்னார். எழுதிக் கொடுத்தேன்.

"உங்கள் சோதனை வெற்றிகரமாக முடிவடைந்தது. குறை எதுவும் இல்லை. மேற்கொண்டு எழுத வேண்டியதில்லை."

கீழே வாரியத்தின் முத்திரை தானாக விழும்.

அக்கா பக்கத்தில் நின்று படித்துக்கொண்டிருந்தார். "தம்பி, வெளியாள் யாராவது அந்த வார்த்தையைப் போட்டு எழுதிட்டா?"

இந்த இடத்தில் சற்று நிற்கிறேன். அவர் கேட்டார். என் காதில் விழுந்தது. எங்கள் அலுவலகத்தில் பதினோரு வருடமாக அந்தச் சொல் கிடையாது. பழைய இயக்குநர் ஒருவர், சோதனை என்றால் மக்கள் ஏதோ கஷ்டப்படுகிற மாதிரி இருக்கிறது என்று சொல்லி அதை எடுத்துவிட்டார். நாங்கள் செய்வது நீர்த்தரப் பகுப்பாய்வு. கோப்பில், பலகையில், புட்டியில் ஒட்டுகிற சீட்டில், எல்லாவற்றிலும் பகுப்பாய்வு. எனவே நான் சொன்னேன்: "நம்மகிட்ட அந்த வார்த்தையே இல்லையேக்கா. ஒரு வாரத்துல விதியை எடுத்துடுறேன்." சொல்லும்போது என் கண் சுவர்க் கடிகாரத்தில் இருந்தது. கேன்டீனில் ஒன்றரைக்கு மேல் எதுவும் மிஞ்சாது.

தொடக்க நாள் என்பதால், இயக்குநர் சொல்லுக்கு இரண்டு கூடுதல் இயக்குநர்களும் ஒரே நொடியில் பொத்தானை அழுத்தினார்கள்; விதி ஏறியது. போய்ச் சாப்பிட்டேன். விதியை மறந்தேன்.

இரண்டு மாதம் கழித்து இயக்குநர் எல்லாரையும் கூடத்தில் கூட்டினார். சுவரில் ஒரு வரைபடம். கோடு கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"நண்பர்களே, போன வருஷம் ஒரு விண்ணப்பத்துக்குப் பதில் போட நமக்கு நாற்பத்தேழு நாள் ஆச்சு. இப்ப ரெண்டு நொடி. போன வருஷம் மாசம் முப்பது பேருக்குத் திருப்தியான முடிவு சொன்னோம். இந்த ரெண்டு மாசத்துல நானூத்திப் பன்னிரண்டு பேருக்கு வெற்றின்னு சொல்லியிருக்கோம். ஒரு குறைகூட இல்லை. இந்த ஊர்த் தண்ணி இவ்வளவு நல்லாயிருக்கும்னு நானே நினைக்கலை."

கைதட்டினார்கள். நானும் தட்டினேன். ஆண்டறிக்கையில் போட பயனாளிகள் எழுதிய நன்றி வரிகள் மூன்று எடுத்துத் தரச் சொல்லி என்னைப் பார்த்தார். அதற்காகத்தான் அந்தத் தனிப் பெட்டியைத் திறந்தேன்.

ஊழியர்கள் அனுப்பிய குவியலுக்குக் கீழே நானூற்றுப் பன்னிரண்டு கடிதங்கள். எங்கள் தெருக் குழாய்த் தண்ணீரைச் சோதனை செய்யுங்கள். பள்ளிக்கூடத் தொட்டியைச் சோதனை போட ஆள் அனுப்புங்கள். ஐயா, இது என்ன சோதனை, தண்ணீர் பழுப்பாக வருகிறது. பத்து நாளாக எங்களுக்குப் பெரும் சோதனையாக இருக்கிறது. எல்லாவற்றுக்கும் இரண்டு நொடியில் என் மூன்று வாக்கியம், முத்திரையோடு. ஒருவர் நான்கு முறை எழுதி நான்கு முறையும் அதே பதில் வாங்கியிருந்தார். ஐந்தாம் முறை "என் பொறுமையைச் சோதிக்காதீர்கள்" என்று எழுதியிருக்கிறார். அதில் சோதனை என்ற சொல் இல்லாததால் அது மட்டும் வாயிலைத் தாண்டி இயக்குநரிடம் போய்ச் சேர்ந்திருந்தது. அவர் அதன்மேல் "தொனி சரியில்லை" என்று குறிப்பெழுதி மூடிவிட்டார்.

நன்றிக் கடிதம் ஒன்றும் இருந்தது. இருபத்துநாலு வீடு உள்ள ஒரு அடுக்குக் குடியிருப்பில் இருக்கும் தையல்காரப் பெண் எழுதியது. அவருடைய கடிதங்கள் மொத்தம் மூன்று.

முதல் கடிதம்: "மேல்தொட்டித் தண்ணீரில் வாடை வருகிறது. ஒரு தடவை சோதனை செய்து சொல்லுங்கள். அதுவரை கொதிக்க வைத்துத்தான் குடிக்கிறோம்."

மறுநாள் வந்தது: "இவ்வளவு சீக்கிரம் சோதனை செய்வீர்கள் என்று நினைக்கவில்லை. ஆள் எப்போது வந்து போனார் என்றே தெரியவில்லை. எல்லாருக்கும் நிம்மதி. நன்றி."

மூன்றாவது, முந்தாநாள்: "என் சின்ன மகளுக்கும் இரண்டாம் மாடியில் மூன்று பேருக்கும் வயிற்றுப்போக்கு. மகளை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். டாக்டர் ரத்த சோதனைக்கு எழுதியிருக்கிறார். தண்ணீராக இருக்குமோ என்று கேட்கிறார். நீங்கள் பார்த்துவிட்டீர்கள் என்று சொன்னேன். இருந்தாலும் ஒரு வார்த்தை கேட்கலாமே என்று எழுதுகிறேன். தொந்தரவுக்கு மன்னிக்கவும்."

அதற்கும் பதில் போயிருந்தது. குறை எதுவும் இல்லை. மேற்கொண்டு எழுத வேண்டியதில்லை.

மன்னிக்கவும் என்று அவர் எழுதியதை இரண்டாம் தடவை படிக்க முடியவில்லை.

தரைத்தளத்துக்கு ஓடிப்போய்ச் சாவி வாங்கி விதியை அழித்தேன். நான்காம் தளத்து சர்வர் அதைக் கவனித்து, அடுத்த நொடியே பழையபடி திருத்தி வைத்தது. மாடியேறி அங்கே அழித்தேன். தரைத்தளத்துச் சர்வர் திருத்தியது. இரண்டு கூடுதல் இயக்குநர்களும் ஒரே நொடியில் பொத்தானை அழுத்த வேண்டும். கீழே இருப்பவர், "அவர் முதல்ல அழுத்தட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்றார். மேலே இருப்பவரும் அதையேதான் சொன்னார், வார்த்தை மாறாமல். மின்கம்பியைப் பிடுங்கலாம் என்றால், ஒன்றைப் பிடுங்கினால் மற்றது வேலையை எடுத்துக்கொண்டு, துணை வரும்வரை விதியைத் தொட விடாது; இரண்டையும் பிடுங்கினால் எந்தக் கடிதமும் யாருக்கும் வராது. நான் போட்ட திட்டம் அவ்வளவு நன்றாக வேலை செய்தது.

இயக்குநரிடம் போனேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். தப்பு என்னுடையது என்றும் சொன்னேன்.

"உக்காருய்யா. இதுல தப்பு எங்க வந்துச்சு? பதில் போகலைன்னாதான் தப்பு. பதில் போயிருக்கு."

"சார், தண்ணியை யாருமே பார்க்கலை. பார்த்தாச்சுன்னு சொல்லியிருக்கோம்."

"தண்ணியைப் பார்த்தோம்னு எங்கய்யா எழுதியிருக்கு? சோதனை முடிஞ்சதுன்னுதான் எழுதியிருக்கு. சோதனைங்கறது நம்ம வாரியத்துச் சொல்லே கிடையாது. நாம செய்யாத ஒண்ணு முடிஞ்சுபோச்சுன்னு சொன்னா அதுல பொய் எங்க இருக்கு?" தேநீரை ஒரு மிடறு குடித்தார். "நாலு ஊர் வாரியத்துலேருந்து இதைப் பார்க்க வர்றாங்க. ரெண்டு நொடியை விட்டுட்டு மறுபடி நாற்பத்தேழு நாளுக்குப் போகச் சொல்றியா?"

"ஒரு குழந்தை ஆஸ்பத்திரியில இருக்கு, சார்."

அவர் முகம் நிஜமாகவே வாடியது. அதைச் சொல்லியாக வேண்டும். அவர் கெட்டவர் இல்லை. "பாவம். நீ ஒண்ணு பண்ணு. எல்லாத்தையும் விவரமா எழுதி எனக்கு மின்னஞ்சல்ல போடு. கட்டாயம் பார்க்கிறேன்" என்றார்.

அவசரத்தில், சோதனை விதியை நீக்கக் கோரி என்றே தலைப்பிட்டு, வெளியிலிருந்த என் சொந்தக் கணக்கிலிருந்து ஒரு பக்கம் எழுதி அனுப்பினேன். வாரியக் கணக்குகள் அன்று மதியம் பராமரிப்பில் இருந்தன. இரண்டு நொடியில் பதில் வந்தது. என் சோதனை வெற்றிகரமாக முடிவடைந்திருந்தது.

அடுத்து ஆய்வகம். தண்ணீரைத் தொடும் ஒன்பது பேருக்கும் மூத்தவர் இரண்டு மாதமாக வேலை இல்லாமல் புட்டிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் சொன்னதைக் கேட்டதும் பையை எடுத்தார். பிறகு கீழே வைத்தார்.

"கடிதம் எங்க?"

"வந்துச்சு. வேற பெட்டிக்குப் போயிடுச்சு."

"அப்ப வரலைன்னுதானே அர்த்தம். கடிதத்துக்கு நுழைவாயில் போடுற எண் இல்லாத புட்டியை நான் அலமாரியில வச்சா என்னைத்தான் கேப்பாங்க. எண்ணோட வரச் சொல்லு. வந்த அன்னிக்கே போறேன், சத்தியமா."

"நானே ஒரு கடிதம் போட்டா?"

"ஊழியர் விண்ணப்பிக்க விதி இல்லையே."

திரும்பி வந்தபோது அக்கா தன் மேசையில் இருந்தார். ஒரு சீட்டை என் பக்கம் நகர்த்தினார். அதில், நான் சொல்லியிருந்ததை வைத்துப் பாதுகாப்பு அலுவலரின் நோட்டிலிருந்து தேடி எடுத்த தையல்காரப் பெண்ணின் முகவரி. "அன்னிக்கே கேட்டேனே" என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலாம் என்றிருந்தது.

சாயங்காலம் ஐந்து மணிக்கு அந்தக் குடியிருப்புக்குப் போனேன். மூன்றாம் மாடி. கதவு திறந்தே கிடந்தது. தையல் இயந்திரத்தின் மேல் பாதி தைத்த சீருடை ஒன்று ஊசியோடு அப்படியே இருந்தது. அந்தப் பெண் ஒரு பையில் குழந்தைத் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். நீர்த்தர வாரியம் என்றதும் எழுந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டார்.

"வாங்க சார், உக்காருங்க. சின்னவ இன்னும் ஆஸ்பத்திரியிலதான் இருக்கா. அவங்க அப்பா கூட இருக்கார். மாத்துத் துணி எடுத்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

"இப்ப எப்படி இருக்கா?"

"எது குடுத்தாலும் தங்க மாட்டேங்குது. நேத்து என்னை அடையாளம் தெரியலை. இன்னிக்குத் தெரியுது."

சமையலறைக் குழாய்க்கு மேலே, பிளாஸ்டிக் உறை போட்டு, என் மூன்று வாக்கியங்கள் ஒட்டப்பட்டிருந்தன. முத்திரை வண்ணத்தில் அச்சாகியிருந்தது. நான் பார்ப்பதைப் பார்த்து அவர் சொன்னார், "எல்லா வீட்டுலயும் ஒட்டியிருக்கோம், சார். நீங்க எழுதினதுக்கு அப்புறம்தான் கொதிக்க வைக்கிறதை நிறுத்தினோம். காஸ் மிச்சம்."

சொல்லிக்கொண்டே ஒரு டம்ளரில் தண்ணீர் பிடித்து என் கையில் கொடுத்தார். "மாடியேறி வந்திருக்கீங்க. பயப்படாம குடிங்க, நீங்க பார்த்துச் சொன்ன தண்ணிதான்."

டம்ளர் குளிர்ச்சியாக இருந்தது. குடிக்கவும் முடியவில்லை, கீழே வைக்கவும் முடியவில்லை. கையில் வைத்துக்கொண்டே சொன்னேன். யாரும் வரவில்லை என்று சொன்னேன். அந்தப் பதிலை ஓர் இயந்திரம் போட்டது, அதற்கு எழுதிக் கொடுத்தவன் நான் என்று சொன்னேன். முடித்த பிறகு அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"எதுக்கு அப்படி எழுதினீங்க?"

வேறு ஏதாவது காரணம் இருக்குமா என்று மனதுக்குள் தேடினேன். நிஜமாகவே தேடினேன். "சாப்பாட்டு நேரம் ஆயிடுச்சு" என்றேன்.

அவர் என் கையிலிருந்து டம்ளரை வாங்கிக்கொண்டார். தண்ணீரைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் கொட்டினார். பெரிய பாத்திரத்தை அடுப்பில் வைத்துப் பற்றவைத்தார். பிறகு வாசலுக்குப் போய், மாடிப்படியின் நடுவில் நின்று, மேலும் கீழும் பார்த்துக் குரல் கொடுத்தார். "யாரும் குழாத் தண்ணியைக் குடிக்காதீங்க. அந்தத் தாள் பொய்யாம். கிழிச்சுப் போடுங்க." கதவுகள் ஒவ்வொன்றாகத் திறக்கும் சத்தம் கேட்டது. யாரோ என்ன என்ன என்று கேட்டார்கள். அவர் பொறுமையாக இரண்டு தடவை சொன்னார். என்னைக் கைகாட்டவில்லை.

உள்ளே வந்து, தாளை உறையோடு பிய்த்து மேசையில் வைத்தார். "சரி, இப்ப என்ன பண்ணணும்?"

"நீங்க இன்னொரு கடிதம் எழுதணும். இன்னிக்கே எழுதினா காலையில ஆள் வருவாங்க. அந்த ஒரு வார்த்தை மட்டும் அதுல வரக் கூடாது."

"அது இல்லாம எப்படிக் கேக்கிறது?"

தாளை உறையிலிருந்து உருவித் திருப்பிப் போட்டு, அதன் பின்பக்கத்தில், அவருடைய நீலத் தையல் சுண்ணக்கட்டியால் பெரிதாக எழுதிக் காட்டினேன். நீர்த்தரப் பகுப்பாய்வு. அவர் தொலைபேசியைக் கையில் எடுத்து, ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் பார்த்துத் தட்டினார். நடுவில் ஒரு எழுத்து தப்பி, அழித்து, மறுபடி தட்டினார். வாய்க்குள் சொல்லிப் பார்த்தார், நாக்கு புரளவில்லை. அடுப்பில் தண்ணீர் இன்னும் கொதிக்கத் தொடங்கவில்லை.

"இதுக்கு என்ன சார் அர்த்தம்?" என்று கேட்டார்.

"சோதனைதான்" என்றேன்.